கத்தனா: ஒருபக்கக் கூரின் பெயர்

கறுப்பு மரத் தாங்கியில் கிடத்தி வைத்த ஜப்பானிய வாள் இன்று உலகெங்கும் வீட்டு அலமாரிகளில் இருக்கிறது. மெருகேற்றிய உறை, குறுக்கும் நெடுக்குமாக நாடா பின்னிய பிடி, வட்டமான கைக்காப்பு. உறையிலிருந்து உருவினால் அலகு கண்ணாடிபோல மின்னும். ஜப்பானில் காட்சிக்காகவும் சேகரிப்புக்காகவும் செய்யப்படும் இத்தகைய வாள்களின் அலகு பெரும்பாலும் துத்தநாகக் கலவை. மேலே குரோமிய முலாம் பூசியிருப்பார்கள். அந்த உலோகத்தைத் தீட்டினாலும் கூர் நிற்காது. வெட்டுவதற்காக அது பிறக்கவேயில்லை. ஆனால் அதைக் கத்தனா என்கிறோம். அந்தப் பெயரைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே இருப்பது கூரைத் தவிர வேறொன்றும் இல்லை.

முதலில் எழுத்தைப் பற்றி. தமிழ் இதழ்களில் கட்டானா, கடானா என்றெல்லாம் எழுதுகிறார்கள். சுசுகி நிறுவனத்தின் கட்டானா மோட்டார் சைக்கிள் வழியாகவும் அந்த ஒலிப்பு நம்மிடம் பரவியிருக்கிறது. அந்த டகரம் ஆங்கிலத்திலிருந்து ஒட்டிக்கொண்டது. ஜப்பானியர் வாயில் அது நாக்கு பல்லைத் தொடும் தகரம். மூன்று அசைகளும் குறில், எங்கும் நீட்டல் இல்லை. சொல்லின் நடுவில் வரும் தனித் தகரம் தமிழில் மெலிந்துவிடும் என்பதால் ஒற்றுச் சேர்த்துக் கத்தனா என்று எழுதுவதே மூலத்துக்கு நெருக்கம். இந்தக் கட்டுரையில் அப்படியே எழுதுகிறேன்.

கத்தனா என்பது ‘கத்த’, ‘ந’ என்ற இரண்டு உறுப்புகள் சேர்ந்தது என்பதே பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். ‘கத்த’ என்றால் இரண்டில் ஒன்று, ஒரு பக்கம். இன்றும் அன்றாட ஜப்பானியத்தில் உயிரோடு இருக்கும் முன்னொட்டு அது. ரயில் நிலையத்தில் போவதற்கு மட்டும் எடுக்கும் சீட்டு ‘கத்தமிச்சி’, ஒருவழி. ஒற்றைக் கை ‘கத்ததே’. சாலையின் ஒரு பக்கம் ‘கத்தகவா’. ‘ந’ என்பது அலகைக் குறித்த பழஞ்சொல். தனிச்சொல்லாக அது வழக்கொழிந்துவிட்டது. ஆக, கத்தனா என்றால் ஒரு பக்கம் மட்டும் கூருள்ள அலகு. இரண்டு பக்கமும் கூருள்ள நேரான வாளுக்கு ஜப்பானியத்தில் வேறு பெயர் இருக்கிறது: ‘த்சுருகி’. புராணத்துத் தெய்வ வாள்கள் த்சுருகிதான். மன்னர் குலத்தின் மூன்று அரசச் சின்னங்களில் ஒன்றான குசநகியும் அந்த இனமே. நன்மையும் தீமையும் ஒருசேரச் செய்யக்கூடியதை ‘மொரோஹா நோ த்சுருகி’, அதாவது இருபுறக் கூர்வாள், என்று ஜப்பானியர் சொல்வார்கள். இரண்டுக்கு எதிராக ஒன்று என்ற இந்த எதிர்நிலையிலிருந்துதான் கத்தனா என்ற பெயர் பிறந்தது. நீளம், வளைவு, வீரம், சாமுராய் ஆகிய எதுவும் அந்தப் பெயருக்குள் இல்லை.

நீளம் இல்லை என்பதற்குப் பழைய சான்றே இருக்கிறது. பத்தாம் நூற்றாண்டில், 930களில், மினமொத்தோ நோ ஷித்தகோ என்ற அறிஞர் ‘வமியோ ருயிஜுஷோ’ என்னும் அகராதியைத் தொகுத்தார். சீனச் சொற்களுக்கு நேரான ஜப்பானியப் பெயர்களைப் பொருள்வாரியாகத் தரும் நூல் அது, நம் நிகண்டுகளுக்கு உறவுமுறை சொல்லலாம். அதில் பெரிய வாளுக்குத் ‘தச்சி’ என்றும் சிறிய வாளுக்குக் ‘கத்தனா’ என்றும் பெயர் குறித்திருக்கிறார். இன்று உலகமே நீண்ட வாளாக நினைக்கும் கத்தனா அந்தக் காலத்தில் இடுப்பில் செருகும் சிறு கத்தி. இன்றைய ஜப்பானியத்திலும் பேனாக்கத்தி போன்ற சிறு கத்திக்குக் ‘கொகத்தனா’ என்றே பெயர்.

சிறு கத்தி எப்படிப் பெருவாளின் பெயரைப் பிடித்துக்கொண்டது? இந்த இடத்தில் சொல்லின் வரலாறு உடலோடு கலக்கிறது. குதிரைமீது போர்செய்த காலத்தில் வீரர்கள் தச்சியை இடுப்பிலிருந்து கயிற்றில் தொங்கவிட்டார்கள், கூர்ப்பக்கம் தரையைப் பார்க்க. காலாள் சண்டை பெருகிய முரொமச்சி காலத்தில் ‘உச்சிகத்தனா’ பரவியது. ‘உச்சி’ என்றால் அடித்தல். அதைக் கச்சையில் செருகினார்கள், கூர்ப்பக்கம் வானைப் பார்க்க. உருவும் அசைவே வெட்டாகவும் ஆகிவிடுவதால் நெருக்கத்தில் அது வேகமானது. காலப்போக்கில் அலகு நீண்டது, முன்னொட்டு உதிர்ந்தது, வெறும் கத்தனா என்ற பெயரே நின்றது. பழைய நீளமான தச்சிகளை அடிப்பக்கத்தில் அறுத்துக் குறுக்கிக் கச்சையில் செருகிக்கொண்டவர்களும் உண்டு. அப்படிச் செய்ததும் அதே எஃகு, அதே கொல்லன் அடித்தெடுத்த வளைவு, புதுப் பெயருக்கு மாறிவிட்டது.

எனவே தச்சியா கத்தனாவா என்பதை அலகின் உருவம் மட்டும் முடிவு செய்வதில்லை, அணியும் விதமும் சேர்ந்து முடிவு செய்கிறது. கொல்லர்கள் தங்கள் பெயரைப் பிடிக்குள் மறையும் அடித்தண்டில் வெட்டுவார்கள். இடுப்பில் அணியும்போது உடலுக்கு வெளிப்புறம் எதுவோ அந்தப் பக்கத்தில் வெட்டுவதே வழக்கம். கூர் கீழே பார்த்தால் ஒரு பக்கம், மேலே பார்த்தால் மறுபக்கம். கையெழுத்து எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தே இது தச்சியாகப் பிறந்ததா, கத்தனாவாகப் பிறந்ததா என்று ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். விதிவிலக்கான கொல்லர்கள் உண்டு, ஆனால் பொது வழி இதுதான். அருங்காட்சியகங்களிலும் தச்சியைக் கூர் கீழாகவும் கத்தனாவைக் கூர் மேலாகவும் வைக்கிறார்கள். அலமாரியில் கத்தனா வைத்திருப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். துத்தநாக அலகாக இருந்தாலும் தாங்கியில் கூர்ப்பக்கம் மேலே இருக்கட்டும். தலைகீழாகக் கிடத்தினால் அந்தப் பெயரின் ஐந்நூறு ஆண்டு வழக்கத்தை மீறுகிறோம்.

பின்னாளில் அளவும் வரையறைக்குள் வந்தது. ஒரு ‘ஷகு’ என்பது சுமார் 30.3 சென்டிமீட்டர். அலகு இரண்டு ஷகுவும் அதற்கு மேலும் இருந்தால் கத்தனா, ஒன்றிலிருந்து இரண்டுக்குள் ‘வகிஸஷி’, ஒன்றுக்குக் கீழ் ‘தந்தோ’. பத்தாம் நூற்றாண்டில் குட்டையானதன் பெயராக இருந்தது, கடைசியில் மூன்றிலும் நீண்டதன் பெயராக முடிந்தது.

ஒரு கட்டத்தில் அந்தச் சொல் வாளையும் தாண்டி விரிந்தது. 1588இல் ஜப்பானின் ஆட்சியாளர் தொயொத்தொமி ஹிதெயோஷி உழவர்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்க ஆணையிட்டார். வாள், குறுவாள், வில், ஈட்டி, துப்பாக்கி எல்லாவற்றையும் ஒப்படைக்கச் சொன்னது ஆணை. அந்த இரும்பு கியோத்தோவில் எழும் பெரிய புத்தர் கோயிலுக்கு ஆணியாகவும் பிணைப்பாகவும் பயன்படும் என்று காரணமும் காட்டியது. வரலாறு அந்தப் பறிமுதலைக் ‘கத்தனகரி’, கத்தனா வேட்டை, என்று அழைக்கிறது. ஈட்டியும் துப்பாக்கியும் கத்தனாவுக்குள் அடங்கிப்போயின. இனி ஆயுதம் ஏந்துபவன் யார், ஏந்தக் கூடாதவன் யார் என்ற கோட்டின் பெயராக அது மாறியது.

கத்தனா என்று கேட்டதும் தமிழ்க் காதுக்கு ‘கத்தி’ நினைவு வரும். இது இயல்பு, ஆனால் இதில் கால் வைப்பது ஆபத்து. ஜப்பானியத்துக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்று வாதிட்ட பேராசிரியர் ஓனோ சுசுமுவைத் தமிழறிஞர் பலர் அன்போடு நினைவுகூர்கிறார்கள். பெரும்பான்மை மொழியியலாளர்கள் அந்த உறவை ஏற்கவில்லை. பெரிய விவாதத்தை விட்டுவிட்டு இந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொள்வோம். தமிழின் கத்தி கன்னடத்திலும் தெலுங்கிலும் இனமுள்ள திராவிடச் சொல், வெட்டும் கருவி என்ற பொருள் முழுச் சொல்லிலும் நிற்கிறது. ஜப்பானியத்திலோ ‘கத்த’ என்ற பகுதிக்கும் வெட்டுக்கும் தொடர்பே இல்லை, அது ‘ஒரு பக்கம்’. வெட்டும் அலகு வால்பகுதியான ‘ந’வில் இருக்கிறது. நாம் ஒப்பிடும் பகுதி தவறான பகுதி. இலங்கையில் நீர்கொழும்பின் பக்கத்தில் கட்டான என்றே ஓர் ஊர் இருக்கிறது. அதையும் வாளோடு முடிச்சுப்போட முடியாது. ஒலி நெருங்குவது கேள்வியைத் தொடங்கப் போதும், முடிவுகட்டப் போதாது.

உண்மையான பயணம் கடல் வழியே நடந்தது. 1543இல் தனெகஷிமா தீவில் போர்த்துக்கீசியர் கரையேறினார்கள். அவர்கள் கொண்டுவந்த துப்பாக்கி ஜப்பானியப் போரை மாற்றியது பள்ளிப் பாடங்களிலேயே வரும் கதை. அவர்கள் எடுத்துச்சென்ற சொற்களின் கதை அவ்வளவு பேசப்படவில்லை. 1603இல் நாகசாகியில் இயேசு சபையினர் ஜப்பானிய–போர்த்துக்கீசிய அகராதி ஒன்றை அச்சிட்டார்கள். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சொற்கள் கொண்ட அந்த நூல் அன்றைய ஜப்பானியப் பேச்சின் பெருங்களஞ்சியம். ஜப்பானியத்தை ரோமன் எழுத்தில் எழுதிய பாதிரிகள் ககர ஒலிக்குப் போர்த்துக்கீசிய எழுத்துமுறைப்படி ‘சி’ என்ற எழுத்தையே இட்டார்கள். அந்த எழுத்துக்கோலம்தான் இன்றுவரை போர்த்துக்கீசிய அகராதிகளில் நிலைத்திருக்கிறது.

போர்த்துக்கீசியரின் கையில் அந்தச் சொல்லின் பொருள் மெல்ல நகர்ந்தது. முதலில் ஜப்பானிய வாள், அடுத்து ஒருபக்கக் கூருள்ள வளைந்த வாள் எதுவும், கடைசியில் புதரும் கிளையும் வெட்டும் அகலமான நீண்ட வெட்டுக்கத்தி. மலேசியத் தமிழர் ‘பாராங்’ என்று சொல்லும் கருவியின் இனம். போர்த்துக்கீசியப் பேச்சில் ஒருவர்மேல் கத்தனாவைப் போடுவது என்றால் அவரைப் பற்றி அவதூறு பேசுவது. வாள் நாக்குக்கும் ஏறிவிட்டது. ஸ்பானியர்களும் ‘கத்தான்’ என்று ஒரு வடிவத்தைத் தங்கள் அகராதியில் வைத்திருக்கிறார்கள்.

அந்தச் சொல் மிக ஆழமாக வேரூன்றிய மண் ஆப்பிரிக்கா. அங்கோலாவில் காடு திருத்தவும் பயிர் அறுக்கவும் உழவர்கள் எடுக்கும் வெட்டுக்கத்தி கத்தனாதான். 1975 நவம்பர் 11 அன்று அங்கோலா விடுதலை பெற்றபோது ஏற்றிய கொடி மேலே சிவப்பும் கீழே கறுப்பும். நடுவில் பாதிப் பல்சக்கரம், ஒரு வெட்டுக்கத்தி, ஒரு நட்சத்திரம். அந்நாட்டு அரசமைப்புச் சட்டம் கொடியை விளக்கும்போது சக்கரம் தொழிலாளரையும் தொழில் உற்பத்தியையும் குறிக்கிறது என்கிறது, வெட்டுக்கத்தி உழவரையும் வேளாண்மையையும் ஆயுதப் போராட்டத்தையும் குறிக்கிறது என்கிறது. சட்டம் அந்த வெட்டுக்கத்திக்குப் பயன்படுத்தும் சொல் கத்தனா. உழவனிடமிருந்து ஆயுதத்தைப் பறித்த கத்தனா வேட்டையின் காலத்தை ஒட்டி ஜப்பானிலிருந்து கப்பலேறிய சொல், வேறொரு கண்டத்தில் உழவனின் ஆயுதத்துக்கே பெயராகி ஒரு நாட்டின் அடிப்படைச் சட்டத்தில் அமர்ந்திருக்கிறது. சொல்லாராய்ச்சி தரும் மகிழ்ச்சிகளில் இதைவிடப் பெரியது எனக்கு அதிகம் கிடைத்ததில்லை. அங்கே அந்தக் கருவியில் பின்னிய பிடியும் இல்லை, கைக்காப்பும் இல்லை, ஜப்பானும் இல்லை. ‘கத்த’, ‘ந’ இரண்டும் அப்படியே இருக்கின்றன: ஒரு பக்கம், கூர்.

ஆங்கிலேயரின் கதை இதற்கு நேர்மாறு. 1613இலிருந்து 1623 வரை கிழக்கிந்தியக் கம்பெனி ஹிரதொவில் ஒரு வணிகநிலையம் நடத்தியது. அதன் தலைவர் ரிச்சர்ட் காக்ஸ் தம் நாட்குறிப்பில் ‘கத்தன்’ என்றே எழுதிவந்தார், பரிசாகக் கொடுத்ததும் வாங்கியதுமாக. நிலையம் மூடியதும் ஆங்கிலத்தில் அந்தச் சொல் வேர்பிடிக்காமல் போயிற்று. பின்னாளில் ஆங்கில வாசகருக்கு அது வெகுகாலம் ‘சாமுராய் வாள்’ மட்டுமே. இருபதாம் நூற்றாண்டின் திரைப்படம், காமிக்ஸ், வீடியோ விளையாட்டு வழியாகக் கத்தனா இரண்டாம் முறை வந்தபோது கூரை விட்டுவிட்டு உருவத்தைக் கொண்டுவந்தது. வளைவு, பின்னிய பிடி, முதுகில் குறுக்காகக் கட்டிய உறை. அலமாரியில் இருக்கும் கத்தனா இந்த இரண்டாம் வருகையின் வாரிசு.

ஜப்பானுக்குத் திரும்புவோம். 1876இல் மெய்ஜி அரசு பொது இடத்தில் வாள் அணியத் தடைவிதித்தது. 1945 தோல்விக்குப் பிறகு நேசப்படைகளின் ஆணையால் வாள்கள் திரட்டப்பட்டன. 1958இல் வந்த துப்பாக்கி, வாள் கட்டுப்பாட்டுச் சட்டம் இன்றும் நடப்பில் இருக்கிறது. எஃகில் அடித்த அசல் வாள் கலைப்பொருளாகப் பதிவுச்சீட்டு பெற்றால்தான் வைத்திருக்க முடியும். இந்தச் சூழலில்தான் வெட்டாத வாளுக்குச் சட்டமே ஒரு பெயர் வைத்தது: ‘மொஸோ தோகென்’, உருமாதிரியாகச் செய்த வாள். பேச்சுவழக்கில் ‘மொஸோதோ’, ‘மொகிதோ’. தகுந்த காரணமின்றி இவற்றை வெளியே எடுத்துச்செல்லவும் தடை உண்டு. கமகுரா காலத்திலிருந்து கொல்லர்கள் வாழ்ந்த கிஃபு மாநிலத்து செக்கி நகரம் இன்று சமையல் கத்திகளுக்கும் சவரக் கத்திகளுக்கும் பேர்போனது. காட்சி வாள்களும் அங்கிருந்து வருகின்றன. ஹிஜிகத்த தொஷிஸோ, சகமொத்தோ ரியோமா போன்ற வரலாற்று மாந்தரின் வாள்களைப் போலச் செய்த மாதிரிகள் சுற்றுலாக் கடைகளில் விற்கின்றன.

மாதிரிக்கு ஜப்பானியம் வைத்திருக்கும் பெயர்கள் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை, ஒவ்வொன்றும் ஒரு மதிப்பீடு. உறைக்குள் மூங்கில் பட்டையைச் செருகி வைத்தால் அது ‘தகெமித்சு’. ‘தகெ’ மூங்கில். ‘மித்சு’ என்பது நகமித்சு, ககெமித்சு, கனெமித்சு என்று பிஸென் நாட்டுக் கொல்லர் பரம்பரையின் பெயர்களில் வரும் ஈறு. எஃகு வாளை விற்றுவிட்ட ஏழைச் சாமுராயின் உறைக்குள் இருந்த மூங்கிலுக்கு மக்கள் ஒரு பெருங்கொல்லனின் பெயரைச் சூட்டினார்கள். கொபயஷி மசகியின் 1962ஆம் ஆண்டுத் திரைப்படமான ‘ஹராகிரி’யில் அந்த மூங்கில் அலகு எத்தனை கொடிய காட்சிக்குக் காரணமாகிறது என்பதைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள்.

புகழ்பெற்ற பழைய வாளைப் பார்த்து இன்னொரு கொல்லன் எஃகில் அடித்து எழுப்பினால் அதற்குப் பெயர் ‘உத்சுஷி’. எழுத்தைப் பார்த்துப் படியெடுப்பதற்கும் இதே வேர்தான். அதில் ஏமாற்று இல்லை, கற்றலும் வணக்கமும் இருக்கின்றன. 1590இல் ஹொரிகவா குனிஹிரோ என்ற கொல்லர், யமன்பகிரி என்ற பெயரோடு வழங்கும், சோகி என்ற பழைய கொல்லரின் வாளைப் பார்த்து ஒரு வாள் அடித்தார். மூலம் நகோயாவில் தொகுகவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. குனிஹிரோவின் படியும் முக்கியப் பண்பாட்டுச் சொத்தாக அரசால் மதிக்கப்படுகிறது. படியெடுத்தவரின் தரம் அப்படி.

எல்லாவற்றுக்கும் உச்சியில் ‘கத்தஷிரோ’. இங்கே வரும் ‘கத்த’ வேறு சொல், உருவம் என்று பொருள். உருவத்துக்கு ஈடாக நிற்பது கத்தஷிரோ. குசநகி வாளின் மூலம் அத்சுத சன்னதியில் இருப்பதாக மரபு. அரண்மனையில் இருப்பது கத்தஷிரோ. 2019 மே 1 அன்று புதிய பேரரசர் அரியணை ஏறியபோது உறையிட்ட நிலையில் அவர்முன் வைக்கப்பட்டதும் அதுவே. 1185இல் தன்-நோ-உரா கடற்போரில் கடலில் மூழ்கியதாகச் சொல்லப்படும் வாளும் அன்றைய கத்தஷிரோதான். மாதிரி என்றால் தாழ்ந்தது என்று ஒற்றைவரியில் தீர்ப்புச் சொல்ல ஜப்பானிய மொழி இடம்தராது.

அதேசமயம் பொய்க்கும் அது பெயர் வைத்திருக்கிறது. மழுங்கிய இரும்பின்மேல் கெட்டி எஃகை ஒட்டிவைத்த கூர் ‘த்சுகெயகிபா’. அவசரத்துக்கு மனப்பாடம் செய்த அறிவையும் இன்று அந்தச் சொல்லாலேயே குறிக்கிறார்கள். அசல் வாளின் அலகோரத்தில் ஓடும் வெண்மேக அலை, களிமண் பூசிப் பதப்படுத்தும்போது எஃகின் உள்ளிருந்து எழுவது. துத்தநாக அலகில் அந்த அலையை மேற்பரப்பைத் தேய்த்தோ அரித்தோ வரைகிறார்கள். காட்சிப்பொருளாகச் சொல்லி விற்றால் அதில் குற்றமில்லை. அதையே கொல்லன் கையால் அடித்தது என்று சொல்லி விற்பதுதான் குற்றம், நம் சந்தையில் அதுவும் நடக்கிறது. பழைய ஜப்பானில் ஹொனமி குடும்பத்தினர் வாளை ஆராய்ந்து மடித்த தாளில் சான்று எழுதிக் கொடுத்தார்கள். ‘மடித்த தாள் உடையது’ என்ற தொடர் அங்கே இன்றும் நம்பிக்கைக்குரிய ஆளையும் பொருளையும் குறிக்கிறது.

கூருள்ள உண்மை வாளுக்குப் பயிற்சிக்கூடத்தில் ‘ஷின்கென்’ என்று பெயர். மரவாளோ மூங்கில்வாளோ இல்லாமல் உயிருக்கு ஆபத்தான அசலோடு நிற்பது. அந்தச் சொல்தான் இன்றைய ஜப்பானியத்தில் மனமொன்றிய, விளையாட்டில்லாத ஈடுபாட்டைக் குறிக்கிறது. ஒரு மாணவன் முழுமனதோடு படித்தால் ஆசிரியர் அதை ஷின்கென் என்பார்.

வாங்கி வைப்பவருக்கு என் வேண்டுகோள், பொருளை அதன் சரியான பெயரில் அழையுங்கள் என்பதே. துத்தநாக அலகுள்ளது மாதிரிக் கத்தனா. எஃகில் அடித்துப் பழைய வாளைப் பின்பற்றியது படி. ஓலைச்சுவடியைப் படியெடுத்த மரபு நமக்கும் உண்டு என்பதால் உத்சுஷிக்கு இந்தச் சொல் பொருந்தும். அசல் பழம்வாளுக்கும் புதுவாளுக்கும் பொதுவாக ‘நிஹொன்தோ’ என்ற பெயர் இருக்கிறது. ஜப்பானிய வாள் என்று பொருள்படும் அந்தப் பெயர் சொங் காலச் சீனக் கவிதையிலேயே தென்படுகிறது. தம் வாளை அந்தப் பெயரால் பரவலாக அழைக்க, மேற்கத்திய வாள்கள் வந்து நிற்கும்வரை ஜப்பானியருக்குத் தேவை ஏற்படவில்லை. அதுவரை அவர்கள் வீட்டுக்குள் அது வெறும் கத்தனா.